மாலையில் மட்டும் திணறிய வெளிநாட்டு நேரலை: ஒரே வீட்டில் மூன்று ஃபைபர் நிறுவனங்களை ஒப்பிட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கணவன், மனைவி, மனைவியின் தாயார் என மூவர் வசிக்கும் வீடு. தாயார் முன்பு பல ஆண்டுகள் வாழ்ந்த நாட்டின் தொலைக்காட்சி அலைவரிசைகளை ஒரு நேரலைச் சேவை வழியாகத் தினமும் இரவு 8 மணி முதல் 11 மணி வரை பார்ப்பார். அந்தச் சேவை வேறொரு கண்டத்தில், ஒரே நகரத்தில் உள்ள சர்வர்களிலிருந்து மட்டுமே ஒளிபரப்பாகிறது. 1080பி தரத்துக்கு நொடிக்கு 6 மெகாபிட் வேண்டும். மிகக் குறைந்த தரத்துக்கு 1.2 மெகாபிட் போதும்.

வீட்டில் இருந்தது 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு. இதை வழங்கிய நிறுவனத்தை இங்கே ‘அ’ என்று குறிப்பிடுகிறோம். பகலில் படம் ஒழுங்காக ஓடும். இரவு எட்டரைக்கு மேல் கலங்கும், பிறகு நிற்கும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் அதே டிவியில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டும் 4கே தரத்தில் தடையின்றி ஓடின. இதைக் கண்டு வீட்டாரும் வாடிக்கையாளர் சேவையினரும் “இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பழுது அந்தச் சேவையில்தான்” என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த நிகழ்வில் நேர்ந்த தவறுகளில் பாதி அந்த முடிவிலிருந்து பிறந்தவை.

நெட்ஃபிளிக்ஸ் தன் ‘ஓப்பன் கனெக்ட்’ சேமிப்புக் கருவிகளை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைக்கிறது. கூகுளும் ‘குளோபல் கேஷ்’ என்ற பெயரில் அதையே செய்கிறது. எனவே அந்தப் படங்கள் பெரும்பாலும் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகின்றன. அவை ஓடுவதை வைத்து, கடல் தாண்டி வரும் பாதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

முதல் முடிவு: வேகத்தைக் கூட்டியது

அ நிறுவனத்தின் ஆலோசனைப்படி இணைப்பு 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. வேகச் சோதனையில் 480 வந்தது. அன்றிரவு நேரலை முன்போலவே 14 முறை நின்றது.

வேகச் சோதனைத் தளங்கள் தாமாகவே அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து தரவை இழுக்கின்றன. நேரலைப் பிளேயர் தொலைதூரச் சர்வரிலிருந்து ஒன்று அல்லது இரண்டு இணைப்பில் சில நொடித் துண்டுகளாக இறக்குகிறது. 6 மெகாபிட் கேட்கும் ஒளிபரப்புக்கு 200 போதவில்லை என்றால் 500-ம் போதாது. அடைப்பு வேறெங்கோ இருக்கிறது.

இந்த முடிவில் பின்னர் தெரிந்த இன்னொரு பாதகமும் இருந்தது. திட்டத்தை உயர்த்தியதும் 12 மாத ஒப்பந்தம் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கிவிட்டது.

வீட்டுக்குள் தேடியது

அடுத்த வாரம், வலையமைப்புப் பணியில் இருக்கும் உறவினர் ஒருவர் முறையாக அளக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்து வெளியே, படிப்படியாக என்ற வரிசையை அவர் எடுத்துக்கொண்டது சரி. உள்ளே பழுதிருந்தால் வெளியே எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

டிவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தது. அதை நீக்கி லேன் கேபிள் இழுக்கப்பட்டது. பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தரும். இந்த டிவியும் அப்படித்தான். நேரலைக்கு அது தாராளம். கேபிளில் போட்ட பிறகும் அடுத்த நான்கு இரவுகளும் நேரலை நின்றது. வைஃபை மேல் இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

ஃபைபரில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் ஓஎன்டி கருவியின் நிலைப் பக்கத்தில் ஒளி அளவு (எண் கீழே இறங்க இறங்க ஒளி மங்கல்) −21.4 டிபிஎம். பரவலாகப் பயன்படும் ஜிபான் வகை (ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் முறை) ஓஎன்டிகள் சுமார் −27 வரை தாங்கும். −25க்குக் கீழே இறங்கினாலே கம்பியையும் இணைப்பானையும் பார்க்க வேண்டும். இங்கே குறை இல்லை. ரூட்டரிலிருந்து நிறுவனத்தின் முதல் ரூட்டருக்கு இரவு 9 மணிக்கு அனுப்பிய 3,600 பிங்கில் (போய்த் திரும்பி வரும் சிறு சோதனைச் செய்தி) ஒன்றுகூடத் தொலையவில்லை; தாமதமும் 3 மில்லி நொடியைத் தாண்டவில்லை. ஜிபான் வலையில் நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்வதால் மாலையில் அங்கே நெரிசல் வரலாம் என்ற சந்தேகமும் இதில் நீங்கியது.

தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள்; மாற்றியும் பார்த்தார்கள். ஒரு சேவைக்குப் பல ஊர்களில் சர்வர்கள் இருந்தால், எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை டிஎன்எஸ் தீர்மானிக்கும்; அப்போது மாற்றினால் பலன் கிடைக்கலாம். இந்தச் சேவைக்கு இருப்பது ஒரே ஊர். மாற்றம் எதுவும் தெரியவில்லை.

வெளியே அளந்தது

ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று ரூட்டரில் லேன் கேபிளால் இணைக்கப்பட்டது. டிவி எந்தச் சர்வருடன் பேசுகிறது என்பதை ரூட்டரின் இணைப்புப் பட்டியலிலிருந்து எடுத்து, அந்த முகவரிக்கு நொடிக்கு ஒரு பிங் வீதம் இரவு 8 முதல் 11 வரை ஓடவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு 10,800 பேக்கெட் (தரவு பயணிக்கும் சிறு துண்டு). வழக்கமாகப் பலர் செய்வதுபோல நான்கு பிங் அனுப்பிப் பார்ப்பதால் இங்கே எந்தப் பயனும் இல்லை. 200-ல் ஒன்று தொலையும் பாதை, நான்கு பேக்கெட் சோதனையில் அநேகமாக எப்போதும் சுத்தமாகவே தெரியும்.

ஏழு நாள் அளவில் தெளிவான ஓர் ஒழுங்கு தெரிந்தது. பகல் 2 மணிக்குப் போய்வரும் தாமதம் 178 மில்லி நொடி, இழப்பு இல்லை. இரவு 9 மணிக்குத் தாமதம் 214. ஒரு மாலையில் சராசரியாக 65 பேக்கெட் தொலைந்தது, அதாவது 0.6 விழுக்காடு. தாமதமும் இழப்பும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவது, பாதையில் எங்கோ ஒரு வலை இணைப்பு நிரம்பி வழிகிறது என்பதற்கான அடையாளம். கூடுதலான 36 மில்லி நொடி, பேக்கெட்டுகள் வரிசையில் காத்திருந்த நேரம். வரிசை நிரம்பியதும் மிஞ்சியவை கைவிடப்படுகின்றன.

0.6 விழுக்காடு அற்பமாகத் தோன்றும். அருகிலுள்ள சர்வருக்கு அது உண்மையிலேயே அற்பம்தான். தூரம் கூடும்போது கதை மாறுகிறது. தரவு அனுப்பும் விதிமுறையான டிசிபி, ஒரு பேக்கெட் தொலைந்ததும் தன் வேகத்தைக் குறைத்துவிட்டு மெல்ல ஏற்றும்; அந்த ஏற்றம் ஒவ்வொரு போய்வரலுக்கும் ஒரு படி. தோராயக் கணக்கு இது: பேக்கெட் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, 1.22-ஆல் பெருக்கி, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1,452 பைட் பேக்கெட், 0.6 விழுக்காடு இழப்பு என்று வைத்துக்கொண்டால், 12 மில்லி நொடித் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து ஓர் இணைப்புக்கு சுமார் 15 எம்பிபிஎஸ் கிடைக்கும். 214 மில்லி நொடித் தொலைவிலிருந்து கிடைப்பது 0.85 மட்டுமே. சேவையின் மிகக் குறைந்த தரத்துக்கே 1.2 வேண்டும். படம் நிற்காமல் என்ன செய்யும்?

சர்வர் இருக்கும் அதே வலையமைப்பிலிருந்து ஒரு கோப்பை ஒற்றை இணைப்பில் இறக்கி இதைச் சரிபார்த்தார்கள். இரவு 9 மணிக்கு 1.1 எம்பிபிஎஸ். எட்டு இணைப்புகளைச் சேர்த்துத் திறந்தபோது 8.6. பகலில் ஒற்றை இணைப்பிலேயே 38. இப்போதைய கணினிகளும் சர்வர்களும் பயன்படுத்தும் டிசிபி வகைகள் பழைய சூத்திரத்தைவிட நன்றாகவே இழுக்கும். எனவே கணக்கில் வருவதைக் கீழ் எல்லையாகக் கொள்வது நல்லது.

எம்டிஆர் அறிக்கையில் இருந்த பொறி

அடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரையும் ஒரு படியாக எண்ணி அங்கங்கே இழப்பையும் தாமதத்தையும் காட்டும் எம்டிஆர் கருவி ஓட்டப்பட்டது: பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் தலா 500 சுற்று. மூன்றாம் படியில் 70 விழுக்காடு இழப்பு என்று வந்தது. அதைப் படமெடுத்து அ நிறுவனத்துக்கு அனுப்பியதில் முதல் புகார் வீணானது. பெரிய ரூட்டர்கள் தாமே பதில் சொல்ல வேண்டிய சோதனை பேக்கெட்டுகளுக்குப் பதில் அனுப்புவதைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. ஊடே போகும் பேக்கெட்டுகளை அவை ஒழுங்காகவே கடத்துகின்றன. நான்காம் படியிலிருந்து இழப்பு சுழியமானால் மூன்றாம் படியின் எண்ணுக்குப் பொருளில்லை. கவனிக்க வேண்டியது, ஓரிடத்தில் தொடங்கிக் கடைசிப் படிவரை தொடரும் இழப்பு. இங்கே அது ஏழாம் படியில் தொடங்கியது: அ நிறுவனம் வெளிநாட்டுப் போக்குவரத்தை ஒப்படைக்கும் மேல்நிலை வலையமைப்பின் எல்லை.

எம்டிஆர் காட்டுவது இங்கிருந்து போகும் பாதையை மட்டும்தான். படமோ அங்கிருந்து வருகிறது. இரண்டும் ஒரே பாதையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் சர்வர் இருக்கும் வலையமைப்பு, தன் பக்கமிருந்து யாரும் சோதித்துப் பார்க்கப் பொதுவில் வைத்திருக்கும் ‘லுக்கிங் கிளாஸ்’ பக்கத்திலிருந்து வீட்டின் முகவரிக்கு எதிர்த்திசையில் ட்ரேஸ்ரூட் (வழியிலுள்ள ரூட்டர்களின் பட்டியல்) எடுக்கப்பட்டது. திரும்பும் பாதையும் அதே மேல்நிலை வலையமைப்பின் வழியாகவே வந்தது. இப்போதுதான் சந்தேகம் உறுதியானது.

உறுதிப்படுத்த இன்னொரு எளிய சோதனை: இரவு 9 மணிக்கு, வேறு மேல்நிலை வழியில் போகும் விபிஎன் (தரவை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) ஒன்றைப் போட்டு நேரலையை ஓட்டினார்கள். இரண்டு மணி நேரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதே ஃபைபர், அதே டிவி, அதே சர்வர். மாறியது வழி மட்டும். நிரந்தரமாக விபிஎன்னிலேயே இருந்துவிடலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது. அந்தச் சேவை சில விபிஎன் முகவரிகளை அவ்வப்போது தடுத்தது. தாயாருக்கு அதைக் கையாள்வதும் சிரமம்.

இரண்டாவது புகார் வேறு மாதிரி எழுதப்பட்டது: இரு நேரத்து எம்டிஆர், இரு முனை முகவரிகள், ஏழு நாள் இழப்பு அட்டவணை, எதிர்த்திசை ட்ரேஸ்ரூட். அது வலையமைப்புப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. “மேல்நிலை இணைப்பில் நெரிசல் உள்ளது, விரிவாக்கத்துக்குத் தேதி இல்லை” என்ற நேர்மையான பதிலும் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான் நிறுவனம் மாற்றுவது என்று தீர்மானித்தார்கள்.

மூன்று நிறுவனங்களை ஒப்பிட்டது

கட்டடத்துக்கு இன்னும் இரண்டு ஃபைபர் நிறுவனங்களின் சேவை இருந்தது; அவற்றை ‘ஆ’, ‘இ’ என்று குறிப்பிடுகிறோம். இ நிறுவனத்தின் இணைப்பு மேல்மாடி வீட்டில் இருந்தது. அவர்கள் இசைவுடன் ராஸ்பெர்ரி பையை அவர்கள் ரூட்டரில் நான்கு மாலைகள் வைத்து, அதே சர்வருக்கு, அதே நேரத்தில் அளந்தார்கள். ஆ நிறுவனத்தின் வாடிக்கையாளர் யாரும் அருகில் இல்லை. அதனால் முதலில் அந்த நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸில் பாதையைப் பார்த்தார்கள். மேல்நிலை வழி வேறாக இருந்தது. அந்தத் துணிச்சலில் ஒப்பந்தமில்லாத மாதாந்தரத் திட்டத்தில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கப்பட்டது. அ இணைப்பு துண்டிக்கப்படவில்லை.

மாலை 8 முதல் 11 வரை கிடைத்த எண்கள் (ஆ நிறுவனத்துக்கு, கீழே சொல்லும் கோளாறுகள் நீங்கிய பிறகு எடுத்தவை):

அ: தாமதம் 214 மில்லி நொடி, 10,800-ல் 65 இழப்பு, ஒற்றை இணைப்பு 1.1 எம்பிபிஎஸ்.
இ: தாமதம் 209, 54 இழப்பு, ஒற்றை இணைப்பு 1.3.
ஆ: தாமதம் 206, 1 இழப்பு, ஒற்றை இணைப்பு 24.

இ நிறுவனத்தின் பெயரும் விளம்பரமும் திட்டங்களும் வேறு. ஆனால் ட்ரேஸ்ரூட்டில் ஆறாம் படிக்குப் பிறகு, அ இணைப்பின் பாதையில் வந்த அதே ரூட்டர்கள் வந்தன. இரண்டும் ஒரே மேல்நிலை வலையமைப்பிடம்தான் வெளிநாட்டு வழியை வாங்குகின்றன. அளக்காமல் இ-க்கு மாறியிருந்தால் செலவும் அலைச்சலும் மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பகல் 2 மணிக்கு அளந்தால் அ 178, ஆ 206. தாமதத்தை மட்டும் வைத்துப் பகலில் ஒப்பிட்டவர் அ-வைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். ஆ-வின் வழி சுற்றுவழி. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போய்வர சுமார் 10 மில்லி நொடி ஆகும். 28 மில்லி நொடிக் கூடுதல் என்பது கிட்டத்தட்ட 2,800 கிலோமீட்டர் கூடுதல் கம்பி. படம் பார்ப்பவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. நேரலைப் பிளேயர் எப்படியும் பல நொடி பின்னாலேயே ஓடுகிறது. நேரடி விளையாட்டு ஆடுபவருக்கு என்றால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

மாற்றிய பிறகு வந்த இரண்டு கோளாறுகள்

ஆ இணைப்பு போட்ட முதல் மூன்று நாள் நிலைமை முன்னைவிட மோசம். பகலிலும் நின்றது. ஓஎன்டியில் ஒளி அளவு −27.6 டிபிஎம். டெக்னீஷியன் நன்றாகத்தான் பொருத்திப் போயிருந்தார். பிறகு அலமாரியைச் சுவரோடு தள்ளியபோது, ஓஎன்டிக்கு வரும் இழைக் கம்பியான பேட்ச் கார்டு கூர்மையாக மடிந்திருந்தது. வளைவுக்கு ஈடுகொடுக்கும் இழைகளே, வகையைப் பொறுத்து 5 முதல் 10 மில்லிமீட்டர் ஆரம் வரைதான் தாங்கும். பழைய வகைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். மடிப்பை எடுத்து அகலமான வளையமாகச் சுற்றியதும் −20.3 ஆனது.

அதன் பிறகும் மாலைக்கு மூன்று முதல் ஐந்து முறை நின்றது. பிங்கிலோ இழப்பு இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் விடை கிடைத்தது: பிங் பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4 முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது, டிவி புதிய முறையான ஐபிவி6-ல் பேசிக்கொண்டிருந்தது. இரண்டும் கிடைக்கும்போது பெரும்பாலான கருவிகள் ஐபிவி6-ஐயே முதலில் எடுக்கும். ஆ நிறுவனத்தின் ஐபிவி6 வழி வேறொரு மேல்நிலை வலையமைப்பில் போனது: தாமதம் 240, இழப்பு 0.3 விழுக்காடு. அ நிறுவனம் ஐபிவி6 தராததால் இந்தக் கேள்வி அதுவரை எழவே இல்லை. டிவி இருக்கும் போர்ட்டில் மட்டும் ஐபிவி6 நிறுத்தப்பட்டது.

விளைவு

தாயார் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு நிறுத்தத்தின் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவந்தார். எல்லாக் கருவிகளையும்விட நம்பத்தகுந்த பதிவு அதுதான். அ இணைப்பில் ஏழு மாலைகளில் குறைந்தது 9, அதிகம் 23 முறை ஒரு மாலைக்கு நின்றிருந்தது. ஆ இணைப்பில் கோளாறுகள் நீங்கிய பிறகு 14 மாலைகளிலும் சேர்த்து 4.

அ ஒப்பந்தத்தை இடையில் முறிக்கக் கட்டணம் கேட்டார்கள். அதனால் இரண்டு வெளி இணைப்பு ஏற்கும் ரூட்டர் ஒன்று வைக்கப்பட்டு, டிவி ஆ வழியாகவும் மற்ற எல்லாம் அ வழியாகவும் போகுமாறு விதி எழுதப்பட்டது. சுமையைத் தானாகப் பிரிக்கும் முறை வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. அதில் நேரலையின் சில துண்டுகள் மறுபடி அ வழியில் போய்ச் சிக்கும்.

ஆறு வாரம் கழித்து ஒரு பிற்பகலில் ஆ-வின் தாமதம் 206-லிருந்து 291-க்குத் தாவியது. கடலடி கேபிள் ஒன்று பழுது, மாற்று வழியில் அனுப்புகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. 19 நாள் அப்படியே இருந்தது. இழப்பு மாலைக்கு 2 முதல் 4 பேக்கெட்டுக்குள் நின்றதால் தரம் அவ்வப்போது 720பி-க்கு இறங்கியதே தவிர, 19 நாளிலும் படம் நின்றது இரண்டே முறை.

எட்டாம் மாதம் அ-வின் மாலை இழப்பு திடீரென மறைந்தது. இரவிலும் 180 மில்லி நொடி. விரிவாக்கம் நடந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபோது இரண்டில் எது என்ற கேள்வி மீண்டும் வந்தது. இப்போது இரண்டுமே நன்றாக இருந்தன. அ மீண்டும் 12 மாதம் கட்டிப்போடக் கேட்டது. ஆ மாதத்துக்கு மாதம். வெளிநாட்டு வழி எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதை நேரில் கண்டவர்கள், விலகும் உரிமையைத் தேர்ந்து ஆ-விலேயே நின்றார்கள்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வேகத் திட்டத்தை உயர்த்தும் முன் ஒரு மாலை, மூன்று மணி நேர பிங் எடுத்திருந்தால் 12 மாத ஒப்பந்தச் சிக்கலே வந்திருக்காது. விபிஎன் சோதனை பத்தே நிமிட வேலை. அது கடைசியில் அல்ல, கேபிள் சோதனை முடிந்த கையோடு வந்திருக்க வேண்டும். அளக்கும் முன் டிவி எந்த ஐபி பதிப்பில் பேசுகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் தனித்தனியாக பிங் ஓடவிட வேண்டும். அளவில் ஒரு வார இறுதியாவது சேர வேண்டும். இந்த வீட்டில் ஞாயிறு இரவின் இழப்பு மற்ற நாட்களைப்போல ஏறத்தாழ இருமடங்கு. சர்வர் பிங்குக்குப் பதில் தராவிட்டால் பாதுகாப்பான இணையத் தளங்கள் பயன்படுத்தும் 443 என்ற போர்ட் எண்ணுக்கு டிசிபி இணைப்பு திறக்க ஆகும் நேரத்தை அளக்கலாம்.

ராஸ்பெர்ரி பை இன்னும் அந்த ரூட்டரில்தான் இருக்கிறது. தொடர்ந்து மூன்று மாலைகள் இழப்பு 0.1 விழுக்காட்டைத் தாண்டினால் கைபேசிக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறார்கள். அப்படி வந்தால் அதே வரிசையில் மறுபடி அளந்து, அப்போது எந்த நிறுவனத்தின் வழி சுத்தமாக இருக்கிறதோ அதற்கு அந்த மாத முடிவிலேயே மாறுவதாக ஏற்பாடு.